சாக்பீஸ் கோடு

முக்கூடல் விலக்கில்
இடது கண்ணாடியில் ஒரு பைக் இருந்தது.
மூன்று பையன்கள்,
நடுவில் இருந்தவன் மடியில் ஒரு வாழைத்தார்.
வளையத்தை ஒடித்துவிட்டுப் பார்த்தேன்,
இல்லை.
பையன்களும் இல்லை, வாழைத்தாரும் இல்லை.
எங்கள் அடுக்களை சன்னலுக்குக் கீழிருந்து
பரம்பரையையே இழுத்து ஒரு வசவு வந்தது.
அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்
உயிரோடு இருக்கிறார்கள் என்று.

இருபத்தோரு அடி வண்டி.
முன்பு கல்யாணக் கூட்டம் ஏற்றிய வேன்.
இப்போது அதற்குள் கட்டில், கேஸ் அடுப்பு, கைகழுவும் தொட்டி,
பின்கண்ணாடி இருந்த இடத்தில்
பூலுடையாரின் பீரோ.
நடுக்கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தால்
பின்னால் வரும் லாரி தெரியாது.
அவருடைய சட்டைகள் தெரியும்,
இஸ்திரி போட்டு, வரிசையாக.

"கேமரா ஒண்ணு வச்சிருவோம்" என்றார்.
பீரோவைப் பற்றி அவர் பேசவில்லை.

பேட்டையில் கசாலியின் ஒர்க்‌ஷாப்.
கேமரா, கண்ணாடி
எதையும் எடுத்துக் காட்டவில்லை கசாலி.
"ஏறி உக்காருங்கக்கா.
எப்பவும் ஓட்டுத மாதிரியே இருக்கணும்.
எட்டிப் பாக்கப்பிடாது."
ஒரு சாக்பீஸை எடுத்துப் பையனிடம் தந்துவிட்டு
வண்டியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்.

"நிக்கேன், தெரியுதா?"
தெரியுது.
"இப்ப?"
தெரியுது.
"இப்ப?"

எங்கிருந்து கேட்கிறார் என்றே தெரியவில்லை.
நான் பதில் சொல்லாத இடத்திலெல்லாம்
பையன் குத்தவைத்துக் கோடு போட்டான்.

இறங்கிப் பார்த்தேன்.
இடப்பக்கம் ஒரு நாற்றங்கால் அளவு.
பின்னால் நெல் காயப்போடும் களம்.
முன்னால்கூட, வலது தூணுக்கு நேராக,
ஒரு ஆள் சைக்கிளோடு நிற்கிற மாதிரி
ஒரு கீற்று.
வண்டியைவிடப் பெரிது
வண்டியிலிருந்து தெரியாதது.
இதையும் இழுத்துக்கொண்டுதான் போயிருக்கிறேன்
சேரன்மகாதேவியில் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில்,
கல்லிடைக்குறிச்சி ஆட்டுமந்தைக்குள்,
தேரோட்டத்தன்று டவுன் ரத வீதியை ஒட்டி.

பூலுடையார் மெதுவாக நடந்துபோய்
பின்கோட்டுக்கு உள்ளே நின்றார்.
அதே இடம்.
ஒவ்வொரு ராத்திரியும் வண்டியை ஓரங்கட்டும்போது
"வரட்டும், வரட்டும்" என்று கையாட்டுகிற இடம்.
குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.
அப்புறம் கேட்டார்,
"அந்த பீரோ இங்க இருக்கட்டுமா, கசாலி?"

மிச்சமெல்லாம் ஸ்பேனர் வேலை.
இடக்கதவின் மேல் ஒரு குவிகண்ணாடி, உள்ளங்கை அகலம்:
"தூரத்துல தெரியும், பக்கத்துல நிக்கும்,
ஏமாந்திராதீங்க."
காவல்கிணறு காற்றில்
கண்ணாடிக்குள் காற்றாடிகள் நடுங்குகின்றன என்றேன்.
பழைய ரப்பர் செருப்பைத் துண்டாக நறுக்கி
கம்பியின் கால்மாட்டில் சொருகினார்.
டேஷ்போர்டில் நான் விரித்திருந்த வெள்ளைத் துண்டை
அவரே உருவிப்போட்டார்.
அது முன்கண்ணாடியில் ஏறி
பாதி ரோட்டை மூடிக்கொண்டிருந்ததாம்.
தூணுக்கு மட்டும் மருந்தில்லை.
"அதுக்கு நீங்கதான் தலைய ஆட்டணும்.
கோயில் மாடு மாதிரி."

இரண்டாயிரத்து எழுநூறு.
பீரோவை வைத்துப்போகிற உரிமையில் இருநூறு குறைத்தோம்.

கிளம்பும்போது புதுக்கண்ணாடியில் பார்த்தேன்.
வண்டி இல்லாத கோடு தரையில் கிடந்தது.
ஒரு செவலை நாய் வந்து மோந்துவிட்டு
களத்தின் நடுவில் படுத்தது.

அன்று ராத்திரி பாபநாசத்தில்,
ஆற்றிறக்கத்துக்கு மேலே, பின்னால் எடுக்க வேண்டும்.
பூலுடையார் இறங்கினார்.
பின்னால் போகவில்லை.
"வரட்டும்" என்று சொல்லவுமில்லை.
இருட்டில் கொஞ்ச நேரம் தடவித் தடவி நடந்து
ஓரிடத்தில் நின்றார்.
குவிகண்ணாடிக்குள் கட்டைவிரல் உயரம்.
டார்ச்சைத் தன் முகத்திலேயே அடித்துக்கொண்டு,
கண் கூச,
சத்தமாகக் கேட்டார்:

"நிக்கேன், தெரியுதா?"